நிலக்கரிச் சுரங்கம் சென்ற நம் முன்னோரைத் தேடி



யூபிலி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆயரின் திருப்பலி, அன்ன விருந்து ஆகியவையே. ஆனால் பழைய ஏற்பாட்டில், லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில், யூபிலி ஆண்டுக்குச் சொல்லப்பட்டுள்ள கட்டளை வேறு. அவ்வாண்டில் எக்காளம் ஊதப்பட வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும். ஒவ்வொருவனும் தன் நிலத்திற்கும் தன் குடும்பத்திற்கும் திரும்ப வேண்டும். பிழைப்புக்காகத் தன்னை விற்றுக்கொண்டு போனவன் வீடு திரும்பும் ஆண்டே யூபிலி ஆண்டு.

அப்படியானால், நம் ஊரிலிருந்து பிழைப்புக்காகப் போய், எந்த யூபிலியிலும் வீடு திரும்பாதவர்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? நம் பங்கில் பல குடும்பங்களின் முதியோர் வாயில், “எங்கள் பாட்டனாரின் அண்ணன் ஒருவர் கப்பலேறிப் போனார், திரும்பி வரவில்லை” என்ற ஒற்றை வாக்கியம் உண்டு. சிலர் “சுரங்கத்துக்குப் போனார்” என்பார்கள். சிலர் “கரி வெட்டப் போனார்” என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நின்றுவிடும். அந்த ஒற்றை வாக்கியத்தின் பின்னால் இருக்கும் வரலாற்றையும், அப்படிப் போனவர்களைத் தேடிக் காணும் வழியையும் இம்மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எந்தச் சுரங்கம்?

தேடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். “சுரங்கம்” என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது எல்லாம் ஒன்றல்ல.

தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாகச் சென்ற சுரங்கங்களில் ஒன்று கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய அச்சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்றனர். அவை 2001இல் மூடப்பட்டன. அங்கே வெட்டப்பட்டது தங்கம்; கரி அல்ல. இரண்டாவது நம் நெய்வேலி. 1956இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கப்பட்ட பின் சென்றவர்கள் அவர்கள். அது திறந்தவெளிச் சுரங்கம். அங்கே பணிபுரிந்தோரின் சேவைப் பதிவேடுகளும் சேமநிதிக் கணக்குகளும் உண்டு. ஆகவே அவர்களைத் தேடுவது கடினமன்று.

மூன்றாவதுதான் நாம் மறந்துபோனது: கடல் கடந்த நேட்டால் நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்கள். இன்று தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நேட்டால் எனப்படும் மாகாணத்தின் வடபகுதியில், டண்டி, கிளென்கோ, டான்ஹௌசர், நியூகாசில் ஆகிய ஊர்களைச் சுற்றி அவை இருந்தன. “கப்பலேறினார்”, “கரி வெட்டினார்” என்ற இரு சொற்களும் ஒரே குடும்பக் கதையில் சேர்ந்து வருமானால், முதலில் தேட வேண்டிய இடம் நேட்டால்தான்.

கப்பலேறிய கதை

1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்தவர்கள் ஏறத்தாழ 340 பேர். அவர்களில் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தனர். அன்று தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் தவிர, 1911 வரை கப்பல்கள் ஓடின. மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர் என்பதும், அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் என்பதும் வரலாறு.

பூந்தமல்லி அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர். வெள்ளையர் படையின் தங்கல் ஒன்றும் இங்கு இருந்தது. சென்னைப் பட்டணமோ நடந்து போகும் தொலைவில். மழை பொய்த்தால் ஏரி வறண்டு, நிலமற்ற உழவுத் தொழிலாளியின் அடுப்பு அணைந்துவிடும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்ட பாட்டை இன்றும் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்கிறோம். அத்தகைய நாட்களில் ஊர் ஊராகத் திரிந்து ஆள் சேர்த்தவர்கள் ‘அர்க்காட்டி’ எனப்பட்டனர். வேலை, சோறு, துணி, திரும்பி வரக் கப்பல் என்று அவர்கள் சொன்னது பசித்த காதுகளுக்கு இனித்தது.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு. முதல் ஆண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயரும். உணவுப்படியும் இருப்பிடமும் முதலாளி தர வேண்டும். பத்து ஆண்டுகள் முடித்தால் திரும்பி வரக் கப்பல் செலவு இலவசம். ஆனால் எந்த முதலாளியிடம், என்ன வேலை என்பது தொழிலாளியின் கையில் இல்லை. பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் இரயில்வேக்கு, சிலர் தேயிலைத் தோட்டங்களுக்கு. 1880களின் இறுதியில் வட நேட்டாலில் நிலக்கரிக் கம்பெனிகள் தோன்றி, இரயில் பாதையும் அவ்வழியே சென்ற பிறகு, ஒரு பகுதியினர் சுரங்கங்களுக்கும் ஒதுக்கப்பட்டனர்.

ஏரிக்கரையில் நாற்று நட்டவன் பூமிக்கடியில் இறங்கினான். கையில் விளக்கு, எதிரே கரிப்பாறை, மேலே எப்போது சரியுமோ என்ற கூரை, மூச்சில் கரித்தூள். சிலர் கரி வெட்டினர். சிலர் கரி நிரப்பிய வண்டிகளைத் தள்ளினர். சிலர் மேலே நின்று கல்லையும் கரியையும் பிரித்தனர். குளிர்காலத்தில் உறைபனி விழும் மேட்டுநிலம் அது. குடியிருப்போ சுரங்க முதலாளியின் எல்லைக்குள். அனுமதிச் சீட்டின்றி வெளியே போனால் குற்றம். வேலைக்கு வராவிட்டால் கூலிப் பிடித்தமும் சிறையும் உண்டு.

அவர்கள் தலைநிமிர்ந்த நாள்

கூலியாய்ப் போனார்கள் என்று சொல்லக் கூசி, பல குடும்பங்கள் இக்கதையை மறைத்துவிட்டன. கூச வேண்டியது இல்லை, பெருமை கொள்ள வேண்டியது உண்டு என்பதற்குச் சான்று 1913ஆம் ஆண்டு.

1895இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் செய்தது. அதன்படி, ஒப்பந்தம் முடிந்தவன் மறுபடி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். இரண்டும் இல்லாமல் அங்கேயே சுதந்திரமாய் வாழ விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி செலுத்த வேண்டும். மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலிக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். பின்னர் பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கூட அது விதிக்கப்பட்டது. ஒரு மனிதனைச் சங்கிலியின்றி அடிமையாய் வைத்திருக்க இதைவிடச் சுலபமான வழி வேறு உண்டோ?

1913 அக்டோபரில், டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கக் குடியிருப்புகளுக்குள் சென்று தொழிலாளரிடம் பேசினர். தம்பி நாயுடுவும் உடன் நின்றார். சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அப்பெண்கள் கைதாகிச் சிறை சென்றனர். வேலைநிறுத்தமோ சுரங்கத்திற்குச் சுரங்கம் பரவியது. இதே போராட்டத்தில் சிறை சென்றுதான், தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இளம் வயதில் உயிர் நீத்தார்.

நியூகாசில் வந்த காந்தியடிகளுக்கும், அவருக்கு முன் வந்த பெண்களுக்கும் தன் வீட்டைத் திறந்துவிட்டவர் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர். இரண்டு மூன்று அறைகளே கொண்ட சிறு வீடு அவருடையது. ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்தில் வந்தவர் அவர். அவ்வீடு சில நாட்களில் சத்திரம் போலாயிற்று என்றும், அடுப்பு ஓயவில்லை என்றும், தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம் பற்றிய தம் நூலில் காந்தியடிகள் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். பெத்தானியாவின் லாசரும் அவர் சகோதரியரும் ஆண்டவரை வரவேற்றதைப் படிக்கும் நமக்கு, இந்த லாசரஸ் குடும்பத்தையும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது அல்லவா?

குடியிருப்புகளை விட்டு வெளியேறிய தொழிலாளர் பெண்டு பிள்ளைகளோடு நியூகாசிலிலிருந்து சார்லஸ்டவுன் வரை நடந்தனர். ரொட்டியும் சிறிது சர்க்கரையுமே வழி உணவு. வழியில் இரு பச்சிளங் குழந்தைகள் இறந்தன. ஒன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி நீரில் போயிற்று. நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 சிறுவரும் எல்லையைக் கடந்தனர். நான்கு நாளில் பால்ஃபர் என்ற ஊரில் அவர்கள் நிறுத்தப்பட்டு, சிறப்பு இரயில்களில் நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சிறைகளில் இடம் போதாமையால் சுரங்கங்களையே சிறைகளாக அறிவித்து, கம்பி வேலியிட்டு, சுரங்கத்து வெள்ளைக் கங்காணிகளையே சிறைக் காவலராக்கினர். காந்தியடிகளுக்கு ஒன்பது மாதக் கடுங்காவல் தீர்ப்பு வழங்கப்பட்ட ஊர் டண்டி, நிலக்கரி ஊர்.

ஆனால் அடங்கிப்போகவில்லை. வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள் வரை பரவியது. 1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது. அந்த வரி ஒழியக் காரணமானவர்கள் எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளர்கள்; அவர்களுள் தமிழர் பலர். நம் வீட்டில் பெயர் சொல்லக் கூசிய அந்தக் ‘கப்பலேறியவர்’ அந்த நடைப்பயணத்தில் ஒருவராய் இருந்திருக்கலாம்!

தேடும் வழி: அங்கே உள்ள பதிவு

இவர்களைத் தேட முடியுமா? முடியும். ஏனெனில், மனிதரை எண்களாக மதித்த அந்த ஆட்சி, எண்களை மிகக் கவனமாக எழுதி வைத்தது.

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் உண்டு. அவ்வெண்ணுக்கு நேராகக் கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ‘சில்லா’ என்ற மாவட்டம், ‘தாணா’ என்ற வட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், அனுப்பப்பட்ட முதலாளி ஆகியவை எழுதப்பட்டன. முதலாளி என்ற இடத்தில் ஒரு நிலக்கரிக் கம்பெனியின் பெயர் இருந்தால், அவரே நாம் தேடும் சுரங்கத் தொழிலாளி. இப்பட்டியல்கள் இன்று டர்பனில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்திலும், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாகவும் பார்வைக்குக் கிடைக்கின்றன. டண்டியில் உள்ள தலானா அருங்காட்சியகம் அப்பகுதி நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாற்றைக் காத்து வருகிறது.

பிள்ளை பிறந்தாலும், மணம் நடந்தாலும், ஊர் திரும்பினாலும், இறந்தாலும் அந்த எண்ணே எழுதப்பட்டது. ஆகையால் எண் ஒன்று கிடைத்தால் வாழ்க்கையே கிடைத்தது போல. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியிடம் தொழிலாளர் கொடுத்த முறையீடுகளும் கோப்புகளாய் உள்ளன. அடிபட்டவன், கூலி மறுக்கப்பட்டவன் சொன்ன சொற்கள் பிறர் கையால் எழுதப்பட்டு அங்கே கிடக்கின்றன.

கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை இன்னொரு துணையும் உண்டு. பேராசிரியை ஜாய் பிரெயின் நேட்டாலின் இந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றித் தனி நூலே எழுதி, கப்பல் பட்டியல்களிலிருந்து அவர்களைத் திரட்டினார். டர்பனில் அமல மரி தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை சபோன், வந்திறங்கிய தமிழ்க் கத்தோலிக்கருக்காகத் தமிழ் கற்று, அவர்களுக்கு ஆலயமும் பள்ளியும் அமைத்துப் பணியாற்றினார். மேய்ப்பனற்ற ஆடுகளாய்ப் போனவர்களை ஆண்டவர் கைவிடவில்லை. சுரங்க ஊர்களான டண்டியும் நியூகாசிலும் இன்று டண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. டர்பன் தனி உயர்மறைமாவட்டம். அங்குள்ள பங்குகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கேட்டு எழுதலாம்.

பெயர் என்னும் புதிர்

தேடுவோர் பெரும்பாலும் தடுமாறுவது பெயரில்தான். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். நம் ஊர்ப் பெயரே ‘பூனமல்லி’ ஆயிற்று என்றால் ஆட்பெயர் என்னவாகும்? சவரிமுத்துவைச் ‘செவ்ரிமூட்டூ’ என்றும், ஞானப்பிரகாசத்தைப் பாதியாகவும் எழுதினால் வியப்பில்லை. ஆகவே எழுத்தைப் பார்க்காமல் ஒலியை நினைத்துத் தேட வேண்டும்.

நம் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளிலோ சிக்கல் வேறு. அவை இலத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் ‘பெத்ருஸ்’, சின்னப்பன் ‘பவுலுஸ்’, அருளப்பன் ‘யோவான்னெஸ்’, சூசை ‘யோசேஃபுஸ்’. அதே மனிதர் கப்பல் பட்டியலில் இராயப்பனாகவே இருப்பார். மூன்று பெயரும் ஒருவரே என்று இணைத்துப் பார்க்க நம்மால்தான் முடியும்.

பெண்கள் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். மரியம்மாளும் மாரியம்மாளும் ஆங்கில எழுத்தில் ஒன்றே. தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் அன்னை மரியாளின் பெயரைத் தாங்கியவரா என்பது விளங்கும். சாதி என்ற இடத்தில் சிலருக்குக் ‘கிறிஸ்தவர்’ என்றே எழுதினர். வேறு சிலருக்குச் சாதிப் பெயர் மட்டும் எழுதப்பட்டது. எனவே அந்தக் கட்டத்தில் கிறிஸ்தவர் என்று இல்லை என்பதால் அவர் நம்மவர் அல்லர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தேடும் வழி: இங்கே உள்ள பதிவு

இங்குள்ள பதிவேட்டைத் தேடுவோர் ஒரு பழைய செய்தியை அறிந்திருக்க வேண்டும். இப்பகுதியில் இரு ஆயர்களின் ஆட்சி ஒருங்கே நடந்தது. ஒன்று, 1606இல் போர்த்துக்கீசியர் உரிமையின்கீழ் நிறுவப்பட்ட மயிலை மறைமாவட்டம். மற்றது, உரோமைத் திருச்சபையின் நேரடிப் பொறுப்பில் வளர்ந்து 1886இல் உயர்மறைமாவட்டமான சென்னை. இரண்டும் 1952இல்தான் ஒன்றாகிச் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆயின. எனவே ஒரே ஊரில் இரு வீட்டார் இரு வேறு ஆயர்களின்கீழ்த் திருமுழுக்குப் பெற்றிருக்கக்கூடும். ஒரு பதிவேட்டில் இல்லையென்றால், மற்றதையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

மற்றொரு அரிய செய்தி. 1908ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முதல், திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் சட்டப்படி, ஒருவர் எங்கே மணம் செய்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அறிவிக்கப்பட்டு, திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆகவே, பழைய பதிவேட்டின் ஓரங்களைக் கவனியுங்கள்! கடல் கடந்து போன மகனைப் பற்றி வீட்டுக்குக் கடிதம் வராமற்போயிருக்கலாம். ஆனால் அவர் மணம் செய்தார் என்ற ஒரு வரி, மங்கிய மையில், அந்த ஓரத்தில் வந்து சேர்ந்திருக்கலாம்.

வீட்டிலும் தேடுங்கள். பழைய டிரங்குப் பெட்டிகளில் கப்பல் சீட்டு, பணவிடைச் சீட்டு, அஞ்சல் முத்திரை உள்ள உறை, நிழற்படத்தின் பின்புறத்துக் கடை முத்திரை எனச் சிறு துண்டுகள் கிடைக்கும். முதியோரிடம் “எந்த ஊர்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “அங்கே என்ன வேலை என்றார்கள்? யாரோடு போனார்? அப்போது வீட்டில் யார் பிறந்திருந்தார்?” என்று கேளுங்கள். ஆண்டு மறந்துபோகும், எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது போனார் என்பது மறக்காது. அப்பிள்ளையின் ஞானஸ்நான நாளே நமக்கு ஆண்டைச் சொல்லிவிடும்.

யூபிலியின் கடமை

இந்தத் தேடல் எதற்கு, போனவர் போய்விட்டார் என்று சிலர் கேட்கக்கூடும். இரு காரணங்கள் சொல்வோம்.

முதலாவது, அங்கிருந்தும் தேடுகிறார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழரில் மூன்றாம் நான்காம் தலைமுறையினர் கையில் ஓர் எண்ணும் ஊர்ப் பெயரும் வைத்துக்கொண்டு தங்கள் வேரைத் தேடித் தமிழகம் வருகின்றனர். தமிழ் பேச மறந்தவர்கள் அவர்களில் பலர். ஆனால் அந்தோணி, இருதயம், ஆரோக்கியம் என்ற பெயரை மறக்கவில்லை. அவர்கள் நம் ஆலய வாசலில் வந்து நின்றால், காட்டுவதற்கு நம்மிடம் பதிவேடு இருக்க வேண்டும். கறையான் தின்ற ஏடு யாருக்கும் உறவைக் காட்டாது. பழைய பதிவேடுகளைப் படமெடுத்துப் பாதுகாத்து, பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரிப்பதை இந்த யூபிலி ஆண்டின் பணிகளில் ஒன்றாக மேற்கொள்ளப் பங்குப் பேரவையைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். புதிய கோபுரத்திற்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதியே இதற்குப் போதும்.

இரண்டாவது, நம் செபத்தின் கடமை. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் நம் உறவினர் கல்லறைகளுக்குப் பூச்சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். கரிச்சுரங்கத்தில் இறந்தவருக்கு இங்கே கல்லறை இல்லை. அங்கே பூச்சூட்ட ஆளில்லை. ஆகவே, உங்கள் குடும்பத்தில் கடல் கடந்து போய்த் திரும்பாதவர் யாரேனும் இருந்தால், அவர் பெயரையும் நீங்கள் அறிந்த செய்தியையும் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘இன்னாரின் அண்ணன்’ என்றே எழுதுங்கள். ஆண்டவருக்குப் பெயர் தெரியும். வரும் கல்லறைத் திருநாள் திருப்பலியில் அவர்கள் அனைவரும் ஒருசேர நினைக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.

யூபிலி ஆண்டில் ஒவ்வொருவனும் தன் குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும் என்பது இறைவனின் கட்டளை. அவர்களால் இனி வர இயலாது. நாம்தான் அவர்களை அழைத்து வர வேண்டும். பெயராலும் நினைவாலும் செபத்தாலும்.

நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவர்களுக்கு அருள்வாராக. அவர்கள் வழிவந்தோர் எந்நாட்டில் வாழ்ந்தாலும் நம் ஆலயத்தைத் தம் தாய்வீடாகக் கண்டு மகிழ்வாராக.